ஓவர்பர்டன் மறுபடி மேடையேறிய கதை

கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் முந்திரிக்காடாக இருக்கிற ஊர் எங்களுடையது. ஆனாலும் விழாக் கேசரியில் மட்டும் அது அகப்படாது. அப்போதுதான் மைக்கில் ஆல்பர்ட்டின் குரல் வந்தது.

"அடுத்து வர்ற பாட்டு, என்னோட இருபது வயசுல நானே எழுதி, நானே மெட்டுப் போட்டதுங்க."

ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டேன். அந்தப் பாட்டை எழுதியது நான். மெட்டுப் போட்டதும் நான்தான்.

அது ஒரு பணி ஓய்வு விழா. நெய்வேலி டவுன்ஷிப்பில் பணி ஓய்வு என்பது கல்யாணத்துக்கு அடுத்த பெரிய விசேஷம். மாலை, சால்வை, குடும்பத்தோடு மேடையில் நாற்காலி, "சார் எங்களுக்கெல்லாம் அப்பா மாதிரி" என்று யாராவது ஒருவர் கண்ணைத் துடைப்பது, பிறகு பூ ஒட்டிய காரில் குவார்ட்டர்ஸ் வரைக்கும் ஊர்வலம். அந்தக் குவார்ட்டர்ஸைச் சீக்கிரம் காலி செய்ய வேண்டும் என்பதை அன்று மட்டும் யாரும் வாயெடுத்துச் சொல்லமாட்டார்கள்.

இந்த விழாக்களுக்கெல்லாம் ஆஸ்தான பாடகன் ஆல்பர்ட். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வளர்ந்தவன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை ஓட்டுகிற கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர். குரல் நல்ல குரல், அதைச் சொல்லாவிட்டால் பாவம். அது நல்ல குரல் என்று அவனுக்குத் தெரிந்துபோனதுதான் ஊருக்கு வந்த சிக்கல். செல்போனில் கரோக்கியைப் போட்டு நாலு சினிமாப் பாட்டுப் பாடுவான். கடைசியில் "அவனுடைய" பாட்டு.

சங்கு ஊதுற ஊருல
சத்தம் போட ஆளில்ல
சைக்கிள் ஏறிப் போன ஆள்
சாயங்காலம் அவரில்ல

அந்த "ஆள்" எங்கள் அப்பா. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். காலையில் சுரங்கத்துச் சங்கு ஊதியதும் சிரித்துக்கொண்டே சைக்கிள் ஏறுவார். சாயங்காலம் வேறு யாரோ ஒருவர் அதே சைக்கிளில் வந்து இறங்குவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அந்த வரிகளை எழுதினேன். ஆல்பர்ட்டின் அப்பாவுக்கோ ஸ்கூட்டர் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையை ஆட்டி ரசித்தார். "நல்லா எழுதியிருக்கார்ல?"

அவருக்கும் நான் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மட்டும் என்ன? "அப்படியா, சாதம் போடு" என்றிருப்பார்.

பெயர் வைத்த லட்சணம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "டீச்சர், நீங்கள் ராக் பேண்டில் இருந்ததாகக் கேள்விப்பட்டோமே" என்று ஒரு பழைய மாணவி கேட்டிருந்தாள். கேள்விப்பட்டது உண்மைதான். சேர்த்துக்கொண்ட காரணம்தான் என் திறமை இல்லை.

டவுன்ஷிப்பில் அந்தக் காலத்தில் சொந்தமாகக் கீபோர்டு வைத்திருந்த வீடு எங்களுடையது. மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கீர்த்தனை வாசிப்பேன். கீபோர்டைத் தனியாகக் கடன் வாங்கத்தான் பையன்கள் வந்தார்கள். "அது போற இடத்துக்கு எம் பொண்ணும் போவும்" என்று அம்மா சொன்னதால் என்னையும் சேர்த்து எடுத்துப் போனார்கள்.

மொத்தம் நாலு பேர். பாட ஆல்பர்ட். கிதாருக்குக் குமரேசன், அவன் அப்பா திருநெல்வேலிக்காரர். டிரம்ஸுக்கு வேலு, கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். அவன் குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போய், அதற்குப் பதிலாக வேலை என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அந்தக் கோபத்தையெல்லாம் அவன் டிரம்ஸில் காட்டியதாகப் பின்னாளில் ஆல்பர்ட் மேடையில் சொல்வான். வேலுவைக் கேட்டால், "அடிச்சாத்தான சத்தம் வரும்" என்பான்.

பெயர் வைத்தது குமரேசன். அவன் அப்பா ஆபீசில் அடிக்கடி பேசுகிற ஒரு சொல்லை எடுத்தான். ஓவர்பர்டன். கேட்க கனமாக இருந்தது, வெளிநாட்டுக்காரன் பெயர் மாதிரியும் இருந்தது. போஸ்டர் எல்லாம் ஒட்டிய பிறகு அவன் அப்பாதான் விளக்கினார். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு முன்னால் மேலே கிடக்கிற உபயோகமில்லாத மண்ணை வெட்டித் தூரத்தில் கொட்டுகிறார்களே, அந்த மண்ணுக்குத்தான் ஓவர்பர்டன் என்று பெயர்.

மாற்றலாமா என்று யோசித்தோம். போஸ்டர் அடித்த காசு போய்விடுமே என்று விட்டுவிட்டோம்.

என் பாட்டை முதன்முதலாகப் பாடிக் காட்டியபோது மூன்று பேரும் அசந்துபோனார்கள். அடுத்த நிமிஷமே அது ஆல்பர்ட் பாட வேண்டிய பாட்டு என்று முடிவானது. "ராக்குக்கு லேடீஸ் வாய்ஸ் எடுக்காது, ரோஸி" என்றான் குமரேசன். உலகத்து ராக் சங்கீதத்தையெல்லாம் அவன் அதுவரை கேட்டது ஒரே ஒரு தேய்ந்த கேசட்டில். நானும் சரி என்றேன். இருபது வயதில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் பட்டது.

ஷிஃப்ட் கலைத்த கூட்டம்

வெளிநாட்டில் ராக் பேண்டுகள் உடைவதற்குப் பெரிய பெரிய காரணங்கள் இருக்குமாம். போதை, பெண், ராயல்டித் தகராறு. எங்களை உடைத்தது ஷிஃப்ட்.

மூன்று பையன்களுக்கும் ஒருவர் பின் ஒருவராக வேலை கிடைத்தது. பெர்மனென்ட். வீட்டில் பிரியாணி. மூன்று பேருக்கும் மூன்று சுற்றில் ஷிஃப்ட். ஒருவன் காலையில் போனால் ஒருவன் மதியம் போவான், மற்றவன் ராத்திரி கண்விழித்துவிட்டுப் பகலில் தூங்குவான். அதிகாரத்தை எதிர்த்து முடி வளர்த்த கூட்டம், சேஃப்டி ஹெல்மெட் சரியாக உட்கார வேண்டும் என்று ஒரே வாரத்தில் முடி வெட்டிக்கொண்டது. "கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று பிரிந்தோம். கொஞ்ச நாள் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

நான் பி.எட். முடித்து டவுன்ஷிப்பிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனேன். கீபோர்டு கட்டிலுக்கு அடியில் போனது.

கேசரிக்குப் பிறகு

அன்றைய விழாவில் ஆல்பர்ட் பாடி முடித்ததும் கிளப் செயலாளர் எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினார். "ஒரிஜினல் பேண்டையே கிளப் ஆண்டு விழாவுக்குக் கொண்டு வாங்களேன், ஆல்பர்ட். ஜனங்க கொண்டாடுவாங்க."

சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப் வந்துவிட்டது. மறுநாள் போஸ்டர். ஆல்பர்ட் கறுப்புக் கண்ணாடியோடு முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றான். பின்னால் சிறியதாகக் குமரேசனும் வேலுவும். என்னுடையது என்று பார்த்தால் பாதிக் கீபோர்டும் ஒரு முழங்கையும் இருந்தது. வளையலை வைத்து அது நான்தான் என்று கண்டுபிடித்தேன்.

எனக்கு அந்த விழாவில் வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பாட்டை ஒரு தடவை, மேடையில், என் குரலில் பாட வேண்டும். யார் எழுதினார்கள் என்று அறிவிக்கக்கூட வேண்டாம். பாடினால் போதும். நாற்பதைத் தாண்டிய பிறகு இப்படி ஒரு ஆசை வந்தது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் வந்துவிட்டது, ராத்திரியில் புரண்டு படுத்தாலும் போகவில்லை.

துண்டு போர்த்திய டிரம்ஸ்

ஒத்திகை வேலுவின் குவார்ட்டர்ஸில். பின்னால் பலா மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு பைக் நிறுத்தியிருந்தான். பைக்கை வெளியே தள்ளிவிட்டு டிரம்ஸை உள்ளே வைத்தோம்.

முதல் அடி அடித்த உடனே பக்கத்து வீட்டு அம்மா மதில் மேல் தலையை நீட்டினார். "எங்க வீட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து இப்பத்தான் படுத்தாரு, தம்பி."

சாயங்காலம் வாசித்தோம். எதிர் வீட்டுக்காரர் ராத்திரி வேலைக்குப் போகத் தூங்குகிறாராம். மதியம் வாசித்தோம். பின் வீட்டில் ஒருவர் காலை ஷிஃப்ட் முடித்துக் கண்ணயர்ந்திருந்தார். எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிற ஊரில் ராக் வாசிப்பது எப்படி?

வேலு டிரம்ஸ் எல்லாவற்றுக்கும் துண்டு போர்த்தினான். பெரிய டிரம்முக்குள் ரெண்டு தலையணை. குமரேசன் கிதாரை ஆம்ப்ளிஃபையரில் மாட்டாமல் வாசித்தான். நான் கீபோர்டு சத்தத்தைக் கடைசிப் புள்ளி வரை இறக்கினேன். தெருவில் போகிறவர்கள் உள்ளே ஏதோ ஜெபக்கூட்டம் என்று நினைத்திருப்பார்கள்.

"இன்னா ரோஸி இது, ரகசியம் பேசிக்கினு இருக்கற மாதிரி இருக்குது" என்றான் வேலு.

இது போதாதென்று பழைய ஷிஃப்ட் பூதம் திரும்பி வந்தது. மூன்று பேரும் ஒன்றாக வரவே முடியவில்லை. ஆல்பர்ட் இல்லாத நாளில் அவன் பாட வேண்டியதை நான் பாடினேன். குமரேசன் இல்லாத நாளில் கிதார் வர வேண்டிய இடத்தையெல்லாம் என் இடது கை நிரப்பியது. வேலு இல்லாத நாளில் குமரேசன் காலால் தரையைத் தட்டி, கூடவே வாயால் தாளம் போட்டான். வேலை செய்கிற இடத்தில் இவர்களுக்கு இருபது வருஷமாக ஊறிப்போன பழக்கம் அது. வராதவன் வேலையை வந்தவன் சேர்த்துப் பார்க்க வேண்டும், பெல்ட் நிற்கக் கூடாது.

அதன் பலன், அபூர்வமாக எல்லாருக்கும் ஓய்வு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. நாலு பேரும் ஒன்றாக வாசித்தோம். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ஆல்பர்ட் பாடும்போது நானும் பாடினேன். வேலு அடிக்கும்போது குமரேசன் வாயால் வேறு தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கிதாரும் என் இடது கையும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டன. மூன்று பேராக வாசித்துப் பழகிய கூட்டத்துக்கு நாலு பேராக வாசிக்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா இந்த முறை மதில் ஏறவில்லை, நேராகக் கேட்டைத் திறந்துகொண்டே வந்துவிட்டார்.

டீ குடிக்கும்போது ஆல்பர்ட் எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தான். அப்போதுதான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"சங்குப் பாட்டை மட்டும் நான் பாடட்டுமா, ஆல்பர்ட்?"

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"ரோஸி, ஜனங்க அந்தப் பாட்டுக்குத்தான் வராங்க. என் பாட்டுன்னு ஊருக்கே தெரியும். நீ ஹம்மிங் கொடு, அது போதும். நல்லா வரும்."

குமரேசனைப் பார்த்தேன். அவன் கிதார்க் கம்பியை முறுக்க ஆரம்பித்தான். வேலுவைப் பார்த்தேன். டிரம்முக்குள் கையை விட்டுத் தலையணையைச் சரி செய்தான். ரெண்டு பேருக்கும் அது யார் பாட்டு என்று தெரியும். முதல் தடவை நான் பாடியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அதிகாரத்தை எதிர்க்கிற சங்கீதத்தை வாசிக்கிறவர்கள். ஒரு ஆல்பர்ட்டை எதிர்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அவமானமாக இருந்தது. கேட்டதுதான் அவமானம் என்று முதலில் நினைத்தேன். கேட்க வேண்டி வந்ததுதான் அவமானம் என்று அரிசி வெந்த பிறகு புரிந்தது.

ரிலீவர் வரவில்லை

ஆண்டு விழா அன்று சாயங்காலம் கிளப் மைதானத்தில் சீரியல் பல்ப், பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசையில் அதிகாரிகளுக்கு மட்டும் உறை போட்ட சோபா. ராக் நிகழ்ச்சிக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. வேலு கறுப்பு டி-ஷர்ட்டில் தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். குமரேசன் வெகுநாளைக்குப் பிறகு ஜீன்ஸ் போட்டிருந்ததால் உட்கார மறுத்தான். நான் பட்டுப் புடவையில் இருந்தேன். என் வீட்டுக்காரர்தான் மேடை என்றால் பட்டுதான் என்றார்.

ஆல்பர்ட் மட்டும் வரவில்லை.

அன்று அவனுக்குக் காலை ஷிஃப்ட். மதியமே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவனை விடுவிக்க வர வேண்டிய ரிலீவர் வரவில்லை. சுரங்கத்தில் அது கண்டிப்பான விதி. ரிலீவர் வந்து சார்ஜ் எடுத்துக்கொள்ளும் வரை இருக்கிற இடத்தை விட்டு நகரக் கூடாது. வராவிட்டால் அடுத்த ஷிஃப்டையும் நீயே பார்க்க வேண்டும், ஓவர்டைம். ஊர் வாயில் ஓ.டி.

போன் செய்தான். பின்னால் பெல்ட் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"ரோஸி, ஆள் தேடிக்கிட்டு இருக்காங்க, வந்துடுவேன். நீங்க ஆரம்பிச்சிடுங்க. சங்குப் பாட்டை மட்டும் கடைசியா வெச்சிரு. அதை எனக்கு விட்டுரு."

"சரி" என்றேன். அவன் என்னிடம் எப்போதும் கேட்டுப் பழகிய சொல் அதுதான்.

முதல் ரெண்டு பாட்டை நான் பாடினேன். துண்டு எடுத்த டிரம்ஸின் முழுச் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறோம். வேலுவே பயந்துபோய்க் கொஞ்சம் மெதுவாக அடித்தான். குமரேசன் ஒரு இடத்தில் தப்பாக வாசித்துவிட்டு ஆம்ப்ளிஃபையரை முறைத்தான். ஆனால் ஆல்பர்ட் இல்லாமல் மூன்று பேராக வாசிக்க எங்களுக்கு நன்றாகத் தெரியும். அத்தனை நாள் அதற்குத்தானே பழகியிருந்தோம். கைதட்டல் வந்தது. மரியாதைக்குத் தட்டுகிற கை இல்லை. பின்வரிசையில் ஒரு விசில்கூட வந்தது.

திரும்பி வேலுவிடம் சொன்னேன். "அடுத்தது சங்குப் பாட்டு."

குமரேசன் பதறினான். "ஏய், அத அவன் கடைசியால்லா வெக்கச் சொன்னான்?" பதறினால் அவனுக்கு அப்பா ஊர் பேச்சு வந்துவிடும்.

"சொன்னான். நான் இப்ப பாடப் போறேன்."

"அவன் வந்து சத்தம் போடுவான், ரோஸி."

நான் வேலுவைப் பார்த்தேன். இந்த முறை அவன் குனிந்துகொள்ள உள்ளே தலையணை இல்லை. குச்சியைக் கையில் சுழற்றினான்.

"போடட்டும். இம்மாம் நாளா நம்ம கம்முனு பாத்துக்கினு இருந்தமே, அது போதும். நீ ஆரம்பி."

குச்சியோடு குச்சி தட்டிக் கணக்குக் கொடுத்தான். நான் பாடினேன்.

என் குரல் கொஞ்சம் கரகரத்தது. பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தி அது எப்போதோ தேய்ந்துபோன குரல். ஆல்பர்ட் குழைந்து பாடுகிற இடத்தில் எனக்குக் குழைவு வராது. ஆனால் "சாயங்காலம் அவரில்ல" என்ற இடத்தில் நாற்காலிகளில் சலசலப்பு நின்றுபோனது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் சைக்கிள்காரர்களின் பிள்ளைகள். அப்பா ஞாபகம் வந்தது. அழுதால் சுருதி போய்விடும் என்பதால் அழவில்லை.

முதல் சரணம் முடிகிற நேரம். மேடைக்குப் பக்கவாட்டுப் படியில் தடதடவென்று சேஃப்டி ஷூ சத்தம்.

மைக்கைக் கேட்ட கை

ஆல்பர்ட் யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தான். ஹெல்மெட் அழுத்திய முடி அப்படியே ஒட்டிக் கிடந்தது. கன்னத்தில் பழுப்புத் தூசி. யாரோ ஒருவரைப் பிடித்து சார்ஜைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். பாவம், எவ்வளவு ஆசைப்பட்டிருப்பான் என்று ஒரு கணம் இரக்கம் வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் என் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினான். கெஞ்சவில்லை, கோபிக்கவில்லை. கண்ட்ரோல் ரூமில் அடுத்த ஆள் வந்ததும் சார்ஜ் எடுத்துக்கொள்ளக் கை நீட்டுவது மாதிரிதான் நீட்டினான். நான் வந்துவிட்டேன், நீ போகலாம்.

வேலு அடித்துக்கொண்டே இருந்தான். குமரேசன் அதே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். முன்வரிசை சோபாவில் ஒரு அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ உக்காரு, ஆல்பர்ட்" என்றேன். "நான் ஓ.டி. பாக்குறேன்."

மைக் வாய்க்கு நேராகவே இருந்தது. மைதானம் முழுவதும் கேட்டுவிட்டது. இந்த ஊரில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி சோபா வரைக்கும் வந்தது.

ஆல்பர்ட்டும் சிரித்தான். லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. சரி, சேர்ந்து பாடலாம் என்று பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு, மைக்கின் மறுபக்கம் வாயைக் கொண்டுவந்தான். கண்ணை மூடிக்கொண்டான். முதல் சரணத்தை மறுபடி பாட வாயைத் திறந்தான். இத்தனை வருஷமும் அவன் அந்தச் சரணத்தைத்தான் ரெண்டு தடவை பாடி வந்தான்.

நான் ரெண்டாவது சரணத்தை எடுத்தேன்.

ஆமாம், அந்தப் பாட்டுக்கு ரெண்டாவது சரணம் உண்டு. உங்களிடம்கூட இதுவரை சொல்லவில்லை. அன்றைக்கு இருபது வயதில், முதல் சரணத்தைப் பாடிவிட்டு அடுத்ததற்கு மூச்சு இழுத்தபோது, "ஒண்ணு போதும் ரோஸி, ராக் பாட்டு சின்னதா இருக்கணும்" என்று ஆல்பர்ட் கையைக் காட்டிவிட்டான். அப்புறம் யாரும் கேட்கவில்லை. எழுதின பாட்டின் பாதி எனக்குள்ளேயே கிடந்தது. அப்பாவைப் பற்றிய பாட்டு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த அதன் மறுபாதி, சைக்கிள் ஏறிப் போகாத ஆளைப் பற்றியது. எங்கள் அம்மாவைப் பற்றியது.

ஆல்பர்ட்டின் வாய் திறந்தபடி இருந்தது. வார்த்தை இல்லை. என் உதட்டைப் பார்த்து அதே மாதிரி தன் உதட்டை அசைத்துப் பார்த்தான். ஒரு வார்த்தை பின்னாலேயே வந்தான். பிறகு அதுவும் விட்டுப்போனது. "நானே எழுதி, நானே மெட்டுப் போட்ட" பாட்டின் நடுவே அவன் ஊரறிய ஊமையாக நின்றான். முன்வரிசையில் ஒரு அம்மா, "அவரு எழுதினதுன்னுதானே சொன்னாரு?" என்று பக்கத்தில் கேட்டது மேடை வரை வந்தது.

அவன் மெல்ல ரெண்டு அடி பின்னால் நகர்ந்தான். கை தட்டித் தாளம் போட ஆரம்பித்தான். அதுவும் தப்பான இடத்தில் விழுந்தது. வேலு குச்சியைக் காட்டிச் சரி செய்தான்.

கடைசிப் பல்லவி வந்தபோது "சத்தம் போட ஆளில்ல" என்று கூட்டமே சேர்ந்து கத்தியது. அந்த ஊரில் அவ்வளவு சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சுற்றிலும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் தூக்கம் கலைந்து எழுந்தார்களோ, எனக்குக் கவலையாகவே இல்லை.

பின்குறிப்புக்குப் பதிலாக

மேடைக்குப் பின்னால் ஆல்பர்ட் என்னிடம் வந்தான். தூசி படிந்த முகத்தைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே நின்றான்.

"அது எப்ப எழுதின, ரோஸி? இப்பச் சேர்த்ததா?"

"அதே நாள்ல எழுதினதுதான்."

கர்ச்சீப்பை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். பிறகு, "நல்லா இருந்துச்சு" என்றான். அதைச் சொல்ல அவன் பட்ட கஷ்டத்தைப் பார்த்தால், ரெண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்ப்பது அவனுக்குச் சுலபம் என்று தோன்றியது.

கிளப் செயலாளர் நன்றியுரையில் "திரு. ஆல்பர்ட் மற்றும் குழுவினர்" என்று படித்தார். முன்னாலேயே அடித்து வைத்த நன்றியுரை. என் வீட்டுக்காரர் வண்டியை எடுக்கும்போது, "அப்ப அது நீ எழுதினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வழியில் இருக்கிற க்யூ பாலத்தைத் தாண்டினோம். பிறகு, "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். வீட்டுக்குப் போய்ச் சாதம் போட்டேன்.

ஆல்பர்ட் இப்போதும் பணி ஓய்வு விழாக்களில் அந்தப் பாட்டைப் பாடுகிறான். முன்னுரை மட்டும் மாறியிருக்கிறது. "எங்க பேண்டோட பாட்டுங்க" என்கிறான். 'நான்' என்பதிலிருந்து 'நாங்க' என்பதற்கு வந்திருக்கிறான். இந்த வேகத்தில் போனால் அவனுடைய பணி ஓய்வு விழாவுக்குள் என் பெயர் வரைக்கும் வந்து சேர்ந்துவிடுவான்.

அவ்வப்போது வாட்ஸ்அப்பில் ஒரு கோரிக்கை வரும். "ரோஸி, அந்த ரெண்டாவது சரணத்தை டைப் பண்ணி அனுப்பேன். முழுசாப் பாடினா நல்லா இருக்கும்."

முதல் தடவை பதில் எழுதுவதற்குள் ரெண்டு முறை அழித்தேன். விளக்கமெல்லாம் எழுதி அழித்துவிட்டு, கடைசியில் ஒரே சொல்லை அனுப்பினேன். "மாட்டேன்."

இதைப் படிக்கிற நீங்களும் அந்த வரிகளைக் கேட்டு எழுதுவீர்கள் என்று தெரியும். பல்லவியை மேலே எழுதியிருக்கிறேன். அது என் கையை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தச் சரணத்தை நான் காகிதத்தில் தருவதாக இல்லை. எங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்க ஆசை இருந்தால் ஒரு மேடையைப் போடுங்கள், நான் வந்து பாடுகிறேன்.